இடது கைப் பக்கம்

ஒக்கலிபுரம் மாடி அறையில் மத்தியான வெயில் திரைச்சீலை வழியே மஞ்சளாக விழுகிறது. இருபது வருடம் பஸ் ஓட்டிய சீனு, கணினித் திரையில் விண்கலச் சண்டை விளையாட்டுப் பழகிக்கொண்டிருக்கிறார். வலது கையில் ஜாய்ஸ்டிக். பக்கவாதத்தில் எட்டு மாதமாக அசையாத இடது கை வேக லீவர்மேல் ஈரத் துணிபோலக் கிடக்கிறது. அதன்மேல் தன் கையை வைத்து மனைவி மரகதம்தான் லீவரைத் தள்ளுகிறாள், இழுக்கிறாள். பின்னால் எதிரி வந்தாலே பயந்து வேகத்தைக் கூட்டிவிடுகிறாள். இதுவரை ஆறு முறை செத்தாயிற்று. “ஓடாத மரகதம். பின்னாடி ஹாரன் அடிக்கிறவனுக்கு வழி விடுவேன்ல, அந்த மாதிரி ஸ்லோ பண்ணு. அவனே தாண்டிப் போவான், அப்ப முதுகுல அடிக்கலாம்.” “எனக்குப் படபடன்னு வருதுங்க.” கீழே ரயில் போகிறது, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. திரையில் மறுபடியும் சிவப்புப் புள்ளி பின்னால் நெருங்குகிறது. இன்னும் நெருங்குகிறது. லீவர் மெல்லப் பின்னுக்கு வருகிறது, வேகம் இறங்குகிறது. எதிரிக் கலம் தலைக்குமேல் சீறிக்கொண்டு முன்னால் போக, சீனு சுடுகிறார். ஆரஞ்சு வெளிச்சம் அறைச் சுவர்வரை பரவுகிறது. “கரெக்டா இழுத்துட்ட மரகதம்” என்று சிரித்தபடி திரும்புகிறார். அவள் இன்னும் இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டிருக்கிறாள்.