வெள்ளையாய் வரும்வரை

இருபத்தாறு மணி நேரம் ஆகிவிட்டது, ஜடையனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்.

அவள் பழைய வேட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளங்கை அகலத்துக்குச் சதுரம். முனைகளைக் கத்தரியால் லேசாகக் கொத்திவிட வேண்டும். பெரிதாகப் போனால் துப்பாக்கிக் குழலில் சிக்கும். சிறிதாகப் போனால் கம்பியிலிருந்து நழுவி உள்ளேயே தங்கிவிடும்.

கோயம்புத்தூரில் துப்பாக்கி துடைக்கவென்றே வெட்டிய துணி பாக்கெட்டில் கிடைக்கும். "கந்தலுக்குப் போய் ஆராச்சும் காசு குடுப்பாங்களா?" என்று கணவன் சொன்ன நாளிலிருந்து அவள்தான் வெட்டுகிறாள். எது உதவும், எது உதவாது என்பதையும் அவளாகவே கண்டுபிடித்தாள். துணிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பாள். சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டால் பருத்தி. முத்தாக உருண்டு நின்றால் ஆகாது. அது அழுக்கை எடுக்காது. இடம் மாற்றி மட்டும் வைக்கும்.

ஆயுத பூஜைக்குத் துடைத்தபோது இரண்டே துணிதான் ஆயிற்று. இரண்டும் வெள்ளையாக வந்தன. எண்ணெய் போட்டு, பொட்டு வைத்து, சுவரில் மாட்டினாள்.

அதற்குப் பிறகு துப்பாக்கியை இறக்கவே இல்லை என்று நேற்று வனத்துறை ரேஞ்சரிடம் சொன்னான் கணவன்.

இன்று முதல் துணி கறுப்பாக வந்தது.

அடுத்ததும் கறுப்பு.

அதற்கடுத்ததில் ஈயத்தின் சாம்பல் கோடு.

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன பாக்கற? லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் பாக்கறாங்களாம். மத்தியானம் ரேஞ்சர் வர்றாரு. வெள்ளையா வர்ற வரைக்கும் உடு."

விட்டாள். இழுத்தாள். கறுத்த துணிகளை அடுப்பில் போடச் சொன்னான். போட்டாள். சமையலறை முழுக்க வெடிமருந்து வாடை.

முந்தாநாள் ராத்திரி மக்காச்சோளக் காட்டுப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. அவள் விழித்துக்கொண்டாள். இருட்டில் பக்கத்துப் பாயைக் கையால் தடவிப் பார்த்தாள். பாய் காலியாக இருந்தது.

விடிந்தபோது வேலியோரம் யானை செத்துக் கிடந்தது.

யாரும் கேட்பதற்கு முன்பே கணவன் ஒரு பெயரைச் சொன்னான். ஜடையன். அவர்களுடைய சோளக்காட்டுக்குக் காவல் இருப்பவன். மலைக்காரன். "அவனுக ஊட்டுல கள்ளத் துப்பாக்கி இல்லாமயா இருக்கும்? தேடுங்க, கெடைக்கும்."

தேடினார்கள். கிடைக்கவில்லை. ஆளைக் கொண்டுபோனார்கள்.

காலையில் ஜடையனின் மனைவி மாரக்காள் கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே வரவில்லை. எப்போதுமே வந்ததில்லை.

"அன்னிக்கு ராத்திரி அவரு உங்க மாட்டுக் கொட்டாயிலதான காய்ச்சல்ல கெடந்தாரு? நீங்கதான கஞ்சியும் மாத்திரையும் குடுத்தீங்க? ஒரு வார்த்த சொல்லுங்கக்கா."

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் போய் கேட்டைச் சாத்தினான். சாத்திய பிறகும் அவளுக்கு வாய் இருந்தது. திறக்கவில்லை.

அந்தக் கோபம்தான் இப்போது வேட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தது. அவன்மேல் பாதி. தன்மேல் மீதி.

வேட்டி தீர்ந்தது. தலையணை உறையும் தீர்ந்தது. துணி இன்னும் சாம்பல் நிறத்தில்தான் வந்தது.

"துணி இல்லீங்க."

"கொட்டாயில ஒரு துண்டு தொங்குதல்ல?"

ஜடையனின் துண்டு. அதை நனைத்து அவன் நெற்றியில் போட்டது அவள்தான். பிழிந்து கயிற்றில் காயப்போட்டதும் அவள்தான்.

"அது அவருதுங்க."

"ஜெயிலுக்குப் போறவனுக்குத் துண்டு எதுக்கு?"

அவள் எழுந்திருக்கவில்லை. அவனே போய் எடுத்து வந்தான். பல்லால் கடித்து ஓரத்தைப் பிரித்துக் கிழித்தான். துவைத்துத் துவைத்து நைந்துபோன பருத்தி. சத்தமே போடவில்லை.

அவனே கம்பியை விட்டு இழுத்தான்.

அந்தத் துணி வெள்ளையாக வந்தது.

"இத மொதல்லயே எடுத்திருக்கோணும்" என்றான். சந்தோஷமாக.

கத்தரியைக் கீழே வைக்கப் பார்த்தாள். விரல்கள் பிடியை விடவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

ரேஞ்சர் வந்தார். துப்பாக்கியை மடக்கிக் குழலை வானத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"கண்ணாடியாட்டம் வெச்சிருக்கீங்களே, நாச்சிமுத்தண்ணா."

"நமக்கு எதுக்குங்க அந்தச் சனியன்? கெடக்குது சுவத்துல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ரேஞ்சர் மோர் வாங்கிக் குடித்தார். டம்ளரை அவளிடம் நீட்டியபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கிற வழக்கமும் இல்லை. இன்னும் நாலைந்து வீடு பாக்கி என்று சொல்லிக்கொண்டே ஜீப்பை நோக்கி நடந்தார்.

வண்டி உறுமியது.

வெளியாள் முன்னால் அவள் குரல் கதவு நிலையைத் தாண்டியதில்லை. அதனால் அது எவ்வளவு சத்தமாக வரும் என்று அவளுக்கே தெரிந்திருக்கவில்லை.

"சார்!"

ரேஞ்சர் திரும்பினார். டிரைவரும் திரும்பினான்.

"உள்ள போடீ" என்றான் கணவன்.

அவள் டம்ளரோடு வாசலில் இறங்கினாள். ஜீப்பின் அருகே போய் நின்றாள்.

"வண்டிய நிறுத்தச் சொல்லுங்க."

நிறுத்தினார்கள்.

"ஆனையச் சுட்டது இவரு."