கிரீஸ் தடவிய கை

"மூணு நாளா வரேன் அண்ணே. பிரிண்டிங் மெஷின் மேல குத்தமில்ல. மை தெளிக்கிற ஹெட்டுக்கு வழிகாட்டுற பிளாஸ்டிக் பட்டையில யாரோ வேணும்னே கிரீஸ் தடவுறாங்க. அதான் அடிக்கிற முகம் கோணிக்கிட்டு வருது. அந்த ஆளை முதல்ல வேலைய விட்டுத் தூக்குங்க!" என்று பொரிந்து தள்ளினார் மெக்கானிக்.

பேனர் கடைக்காரர் புது பிளெக்ஸ் சுருளை எடுத்து மெஷினில் மாட்டினார்.

மெக்கானிக் பட்டையைத் துடைத்துவிட்டு மெஷினை ஓட்டினார். இளைஞன் ஒருவனின் சிரித்த முகம் துளியும் பிசகாமல் இறங்கியது. பாதியில் நிறுத்த வேண்டியிராததால், முதன்முறையாக அதன் அடியிலிருந்த எழுத்தும் வந்தது: 'கண்ணீர் அஞ்சலி'.

"எங்க பையன்" என்றார் கடைக்காரர்.

மூலையில் நின்ற அவர் மனைவி, கிரீஸ் படிந்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"சரியா வந்துட்டா இவரு வாசல்ல கட்டிடுவாரு தம்பி. கட்டிட்டா, அவன் இல்லன்னு ஆயிடுமே..."