ஒரு டிகிரி

"மறுபடியும் ரெண்டரையா? கூட்டல்ல எங்கயோ தப்புப் பண்றீங்கம்மா. திரும்பப் போடுங்க."

திண்டுக்கல் கல்லூரி ஒன்றின் பௌதிக விரிவுரையாளர் சோலைமலை நோட்டைத் தள்ளிவிட்டார். காற்றில் கரியமில வாயு இரட்டிப்பானால் பூமி எத்தனை டிகிரி சூடாகும் என்ற கணக்கு அது. அவருக்கு வந்த விடை ஒன்றரை. உதவியாளர் தாஹிரா மூன்று முறை போட்டும் இரண்டரைதான்.

1966 மார்ச் மாத வெயிலில் நான்காம் முறையாக உட்கார்ந்த தாஹிராவுக்கு எரிச்சலில் கண் கலங்கியது. கிடைக்காத தப்பைத் தேடித்தேடி அலுத்துப்போனவள், கடைசி வரியில் ஒன்றரை என்று எழுதி நீட்டினாள்.

சோலைமலை அன்றே இந்த விடையை வைத்து எழுதிய கட்டுரையை மெட்ராஸ் அறிவியல் பத்திரிகை ஒன்றுக்குத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தார்.

"இப்பத்தாம்மா நிம்மதி! காத்துல ஈரம் மாறாதுன்னு வச்சு நான் கணக்குப் போட்டேன். சூடு ஏறினா ஈரமும் ஏறி, அது இன்னும் சூட்டைக் கூட்டுமோன்னு ஒரு சந்தேகம். அதான் உங்க கணக்குல மட்டும் ஈரத்தையும் ஏத்திக் கொடுத்தேன். ரெண்டரை வந்தப்போ கூட்டல் தப்புன்னுதான் நெனச்சேன். நல்ல வேளை, எப்படிப் போட்டாலும் ஒன்றரைதான்னு காட்டிட்டீங்க. அதையும் எழுதிட்டேன்."

தான் போட்ட மூன்று கணக்கிலும் தப்பே இல்லை என்று தாஹிராவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"சார்," என்றாள், "தபால் பை கிளம்பிருச்சா?"