காயம் ஆறிய நாள்

பூவலிங்கத்தின் வாயில் நாக்கும் கடைவாய்ப்பல்லும் நாற்பது வருஷமாகப் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒரு மத்தியானம் முருங்கைக்காயை மெல்லும்போது, பல் நாக்கை நறுக்கென்று கடித்துவிட்டது. ரத்தம் கசிந்தது.

"யாரோ என்னைத் திட்டுறாங்க" என்றார் பூவலிங்கம்.

"ஆமா, யாரோ திட்டுறாங்க. அதான்..." என்று பல்லும் இழுத்தது.

"கடிச்சது நீ. பழியை வேற யார் மேலயோ போடுறியா? இனி உன் பக்கமே வரமாட்டேன்" என்றது நாக்கு.

சாப்பிட்டதும் பல்லிடுக்கில் சிக்கியதைத் துழாவி எடுத்துவிடுவது நாக்குதான். அதை நிறுத்திக்கொண்டது. "ஒரு நார் மாட்டியிருக்கு" என்று பல் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தது. வேர் ஆட்டம் கண்டதால்தான் குறி தவறியது என்று சொல்ல அதற்கு வெட்கமாக இருந்தது.

நான்காம் நாள் காலையில் பல் டாக்டர் அந்தப் பல்லைப் பிடுங்கினார். மரத்துப்போகப் போட்ட ஊசியில் நாக்குக்கு எதுவும் தெரியவில்லை. சாயங்காலம் உணர்வு வந்தபோது, தன் காயம் ஆறியிருப்பதைக் கவனித்தது. "சரி, போனாப் போகுது" என்று சொல்லப் பல்லிடம் போனது.

அங்கே பஞ்சு இருந்தது.

இப்போதும் சாப்பாடு முடிந்ததும் நாக்கு அந்தக் குழியைத்தான் துழாவுகிறது. எடுத்துவிட அங்கே ஒன்றும் இருப்பதில்லை.