அந்தப் பக்கத்துக் கண்ணாடி

மெக்கானிக் கைப்பிடியைச் சும்மா ஒரு சுற்று சுற்றினார். பழைய வேனின் கதவுக் கண்ணாடி வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது.

மறுபடி ஏற்றினார். ஏறியது. மறுபடி இறக்கினார். ஒரு முனகல்கூட இல்லை.

"இதுல ஒரு குறையும் இல்ல" என்று தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார்.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்த ஏசிக்காரனுக்கு அது கேட்டுவிட்டது. சட்டென்று எதிரே இருந்த டீக்கடையைப் பார்த்தான். நல்லவேளை, அண்ணன் இன்னும் முதுகைக் காட்டித்தான் நின்றிருந்தார். டீ சொல்லி முடிக்கவே அவருக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். திக்குவாய்.

அந்தப் பக்கத்துக் கண்ணாடி இறங்காது என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அப்படிச் சொல்லி வைத்தவன் இவன்தான்.

இவன் ஏசி பராமரிக்கப் போகும் அலுவலக வளாகத்தில்தான் அண்ணன் வாசல் காவலாளி. வண்டி வந்தால் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட வேண்டும், அதுதான் வேலை. அவருடைய அறை ஓட்டுநருக்கு மறுபக்கம். தம்பியின் வேனைக் கண்டால் போதும், முகமெல்லாம் பல்லாக ஓடி வந்து அந்தப் பக்கத்து ஜன்னலில் குனிவார்.

குனிந்தவர் சும்மா போவாரா? ஏதாவது சொல்ல ஆரம்பிப்பார். முதல் எழுத்திலேயே வாய் மாட்டிக்கொள்ளும். பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடித்துக் காதைக் கிழிக்கும்.

ஒருநாள் அந்த வளாகத்தின் மேலாளர் வேனில் ஏறி வந்தார். வாசலில் அண்ணன் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருவதைப் பார்த்துவிட்டு, "கேட்டுக்காரர் உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டார்.

"சும்மா, பார்த்தாச் சிரிப்பாரு சார். அவ்வளவுதான்."

நாக்கு கூசாமல் சொன்னான். சொன்ன கையோடு, ஏற்றியிருந்த கண்ணாடி வழியாக அண்ணனைப் பார்த்து, கைப்பிடி சுற்றுவது போலக் காற்றில் சுற்றிக் காட்டிவிட்டுக் கையை விரித்தான். இறங்க மாட்டேங்குது.

அண்ணனுக்கு உடனே புரிந்துவிட்டது. பலமாகத் தலையாட்டினார். கட்டையைத் தூக்கிவிட்டு டாட்டாவும் காட்டினார்.

இவ்வளவு நன்றாக வேலை செய்கிற பொய்யை யார் விடுவார்கள்? அன்று முதல், வாசலுக்கு முன்பாகவே வண்டியை ஓரங்கட்டி, இருக்கையில் குறுக்கே படுத்து எட்டி, அந்தக் கண்ணாடியை ஏற்றிவிடுவான். கொளுத்துகிற வெயிலில்கூட ஏற்றுவான். ஊரையெல்லாம் குளிர வைக்கிறவன் தன் வேனுக்குள் வெந்துகொண்டு, கையை விரித்துக்கொண்டு, வாசலைத் தாண்டுவான். அண்ணனும் சளைக்காமல் டாட்டா காட்டுவார்.

இதெல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் இவன் வீட்டுக்கு வரும்வரைதான்.

வந்தவர், எல்லோரையும் உட்கார வைத்து, ஒவ்வொரு சொல்லாக இழுத்துப் பிடித்துச் சொல்லி முடித்தார். தம்பி வேனுக்கு, அழுத்தினால் இறங்குகிற பட்டன் கண்ணாடி போட வேண்டும். செலவு அவருடையது. மெக்கானிக்கிடம் பேசியாகிவிட்டது.

"பாவம், இந்தப் புழுக்கத்துல எத்தனை நாளைக்குத்தான் அடைஞ்சு கிடப்பாரு" என்று இவன் மனைவிக்கு ஒரே சந்தோஷம்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வான்? இறங்காத கண்ணாடியை மாற்றித் தருகிறேன் என்றால், வேண்டாம் என்பவன் உண்டா?

ஆக, இப்போது அண்ணன் டீயோடு திரும்புவதற்குள் இந்தக் கண்ணாடி எப்படியாவது கெட்டுப்போக வேண்டும்.

"மாஸ்டர், அதை ஏத்திடுங்க." குரல் தணிந்து வந்தது. "எங்க அண்ணன் கேட்டா ரிப்பேர்னே சொல்லிடுங்க. அவருக்குத் தெரிய வேணாம்."

மெக்கானிக் கதவின் உள்பலகையைக் கழற்ற ஸ்குரூடிரைவரை எடுத்தவர், அப்படியே நின்றார்.

"அவருக்கா? தினமும் மத்தியானம் பூட்டாம நிக்கிற உங்க வண்டி வெயில்ல கொதிக்குதுன்னு, இந்தக் கண்ணாடியைச் சுத்தி இறக்கி விடுறதே அவர்தானாமே. நீங்க வேலை முடிச்சு வர்றதுக்குள்ள, இருந்த மாதிரியே ஏத்தி வச்சிடுவாராம்."

அவனுக்குக் காது மடல் சுட்டது. கதவைத் திறந்துகொண்டு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது.

"அப்புறம் எதுக்கு இந்தச் செலவு?"

"அதையேதான் நானும் கேட்டேன். சுவிட்சு மட்டும் தம்பி கைக்கு எட்டுற மாதிரி வைங்க, அவனுக்கு எப்பத் தோணுதோ அப்ப இறக்கிக்கட்டும்னாரு." மெக்கானிக் குனிந்து முதல் திருகாணியைக் கழற்றத் தொடங்கினார். "நாளைக்கேன்னாலும் சரி, பத்து வருஷம் கழிச்சுன்னாலும் சரியாம்."

அண்ணன் டீயோடு வந்துவிட்டார். பழக்கதோஷம், நேராக அந்தப் பக்கத்து ஜன்னலுக்கே வந்து குனிந்தார். நடுவில் கண்ணாடி இல்லை. அவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

கிளாஸை உள்ளே நீட்டிக்கொண்டே ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதல் எழுத்தில் மாட்டிக்கொண்டார். தாடை இழுத்தது, கண் மூடித் திறந்தது.

அவன் தலையைத் தூக்கவில்லை. தூக்க முடியவில்லை. கையை நீட்டியபடியே காத்திருந்தான்.

"சூ... சூடா இருக்கு. பா... பாத்துப் பிடிடா."

அப்படியொன்றும் நேரமாகிவிடவில்லை.