முதல் பிடி மண்

இரண்டு தேசங்கள் உரிமை கொண்டாடிய அந்த மணல்திட்டில் மனிதர்களின் அடையாளமாக இருந்தது ஒரே ஒரு கல்லறைதான். அதில் கிடப்பது தங்கள் கரையைச் சேர்ந்த சவேரியான் என்று ஒரு நாட்டு வக்கீல்கள் சர்வதேச நீதிமன்றத்தில் சொல்லியிருந்தார்கள். தோண்டிப் பார்க்க உத்தரவாயிற்று.

இரு நாட்டு அதிகாரிகளும் கரைச் சனங்களும் படகுகளில் வந்து இறங்கியபோது சவேரியானின் மனைவி பிரகாசியம்மாள் கல்லறையருகே வந்து நின்றாள். உள்ளே உடல் கிடையாது. கடலோடு போனவனுக்கு ஊர் வழக்கப்படி அவன் சட்டையைத்தான் புதைத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மண்வெட்டி நின்றது. நீலக் கட்டம் போட்ட அதே சட்டை. ஆனால் அது எலும்புகளின் மேல் பத்திரமாகப் போர்த்தப்பட்டிருந்தது.

எதிர்க்கரைக் கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்து எட்டிப் பார்த்தாள். பிறகு பிரகாசியம்மாளைப் பார்த்து, மன்னிப்புக் கேட்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவள் நாட்டு அதிகாரி காதருகே வந்தார். "உங்க வீட்டுக்காரர்தானம்மா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, தீவு நம்மளுது."

பிரகாசியம்மாள் குழியருகே மண்டியிட்டு, விலகியிருந்த சட்டையை இழுத்து மூடினாள்.

"மூடுங்கய்யா, வெயிலு படுது."

யாரும் அசையவில்லை. அவளே ஒரு பிடி மண்ணை அள்ளினாள். முதல் பிடி இறந்தவரின் சொந்தம் போட வேண்டியது. குழியில் போடாமல், எழுந்து போய் அந்தப் பெண்ணின் கையில் வைத்தாள்.