கண்ணாடி வைத்த கூடு

கிணற்றுக்கு மேலே தொங்கிய ஈச்ச மட்டையில் கூடு பின்னும் தூக்கணாங்குருவி குட்டானுக்கு, அலகருகே இருக்கும் நார் அத்தனை துல்லியமாகத் தெரியும். கிணற்று மேட்டைத் தாண்டினால் எல்லாம் புகைமூட்டம். அதைப் பற்றி அவன் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

பாதிக் கூடு முடிந்ததும், அதில் தொங்கியபடி சிறகடித்துப் பெண் குருவியை அழைப்பது அந்த மரத்து ஆண் குருவிகளின் வழக்கம். தூரத்தில் ஏதோ பறந்து வரவும், குட்டான் ஆசை ஆசையாகச் சிறகடித்தான். வந்தது காக்கை. கூட்டைப் பிய்த்தெறிந்துவிட்டுப் போனது.

மரமே சிரித்தது. குட்டானின் மானம் கப்பலேறியது.

மறுநாள், மூக்குக் கண்ணாடியிலிருந்து கழன்ற ஒற்றை வில்லை வரப்பில் கிடந்தது. குட்டான் அதன் வழியே எட்டிப் பார்த்தான். தூரத்துத் தென்னையின் கீற்றுகள் தனித்தனியாகத் தெரிந்தன! முக்கி முனகித் தூக்கிவந்து, புதுக் கூட்டின் சுவரில் வைத்துப் பின்னினான்.

"வேண்டாம் மாப்ளே," என்றான் பக்கத்துக் கூட்டு மஞ்சத்தலையன். "கண்ணாடியில பார்த்துப் பழகினா இருக்கிற பார்வையும் போயிடும். அதோட, கண்ணாடி வெச்ச கூட்டுக்கு எவ வாழ வருவா?"

"காக்காயை வாழக் கூப்பிட்டவன்டா நான். இனி என்ன வெட்கம்?"

அன்று முதல் கொஞ்சம் பின்னுவான், பிறகு தலைநிமிர்ந்து வில்லை வழியே தென்னையைப் பார்ப்பான். அப்படிப் பார்த்தபோதுதான் ஒரு நாள் கரும்புள்ளி ஒன்று தெரிந்தது. "காக்கா வருது! எல்லாரும் கிளம்புங்க!"

மரமே திரண்டு பறந்து விரட்டியதில், காக்கை திரும்பிப் பாராமல் ஓடியது. கூடு பார்க்க வந்திருந்த பெண் குருவி நேரே குட்டானின் கூட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மஞ்சத்தலையன் மெல்ல நகர்ந்து வந்தான்.

"மாப்ளே, மூக்குக் கண்ணாடின்னா ரெண்டு வில்லை இருக்குமே... இன்னொண்ணு எங்க கிடக்கு?"